முதுமை, இடப்பெயர்வு, குழப்பம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 76 வயது. பெகு பக்கம் வயலும் மாடுமாக வாழ்ந்தவர். சண்டை நெருங்கியதும் போன வருஷம் கிளம்பி வந்து, யாங்கோனில் எங்களோடு இருக்கிறார். வந்ததிலிருந்தே பேச்சும் சாப்பாடும் குறைவு. பத்து நாளாக வேறு மாதிரி. பொழுது சாய்ந்தால் மாட்டை அவிழ்த்துவிடச் சொல்கிறார், என்னைத் தன் தம்பி என்கிறார். காலையில் ஓரளவு தெளிவு. மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், இன்னும் மோசமானது. தலைமாட்டில் ஒரு பையைக் கட்டி வைத்திருக்கிறார், யாரையும் தொட விடுவதில்லை. மறதி நோய் என்கிறார்கள். நடந்ததையெல்லாம் பேச வைத்தால் சரியாகுமா?

ஒரு வாசகர், யாங்கோன்

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தில் இருந்த உங்கள் கிராமத்தின் பெயரை எடுத்துவிட்டேன்.

மறதி நோய் பொதுவாகப் பத்து நாளில் வராது, பையப் பைய வருஷக்கணக்கில் வரும். திடீரென்று வந்து, காலையில் தெளிந்து அந்தியில் கலங்குகிற குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் உடம்பில் இருக்கும். இது அவசரம். இன்றோ நாளையோ டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர், சர்க்கரை, ரத்தத்தில் சோடியம், காய்ச்சல், மலச்சிக்கல் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஊரில் சாப்பிட்ட மாத்திரைகளில் எது ஓடிவந்ததில் நின்றுபோனது என்று எழுதிக்கொண்டு போங்கள். தூக்க மாத்திரையையும் காட்டுங்கள். வயதானவர்களுக்கு அது குழப்பத்தைக் கூட்டும், கீழே விழவும் வைக்கும். சளிக்குத் தூக்கம் வரவைக்கிற மாத்திரை கொடுத்திருந்தால் அதுவும் அப்படித்தான்.

தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார் என்று கவனித்தீர்களா? ராத்திரி எழுந்து கக்கூசுக்குப் போனால் பிள்ளைகளின் தூக்கம் கெடுமே என்று பெரியவர்கள் வேண்டுமென்றே குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், மகன் வீடே ஆனாலும். அதில் மலம் கட்டும், சிறுநீரில் கிருமி சேரும், புத்தி கலங்கும். அவர் ஏன் குடிக்கவில்லை என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது, வீட்டார்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதயம், சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் ஒரு நாளைக்கு 6 முதல் 8 டம்ளர், பெரும்பகுதி பொழுது சாய்வதற்குள். கரண்ட் போகிற ஊர், அதனால் கழிவறைக்குப் போகிற வழியில் ஒரு சார்ஜ் விளக்கு வையுங்கள். மூக்குக்கண்ணாடியும் பல்செட்டும் ஊரிலேயே நின்றுவிட்டனவா? கண்ணாடி இல்லாதவருக்கு மங்கலில் கொடியில் தொங்குகிற போர்வை மாடாகத் தெரியலாம். பல்செட் இல்லாவிட்டால் சோறு இறங்காது.

மாட்டைக் கேட்டால் இல்லை என்று வாதாடாதீர்கள். விளக்கைப் போட்டு, முகம் தெரிய எதிரே உட்கார்ந்து, "எத்தனை மாடுப்பா இருந்துச்சு?" என்று கேளுங்கள்.

பையைத் தொடாதீர்கள். 1964-ல் பர்மாவில் கடைகள் அரசுடைமையாகி லட்சக்கணக்கான இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனபோது உங்கள் அப்பா பதின்வயதுப் பையன். 1987-ல் 25, 35, 75 கியாத் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போனதையும் பார்த்தவர். அவருக்குப் பை கட்டிவைப்பது வாழ்க்கை கற்றுக்கொடுத்த தற்காப்பு. அடையாள அட்டையையும் மருந்துச் சீட்டையும் அவர் கையாலேயே அதில் வைக்கச் சொல்லுங்கள்.

வற்புறுத்திப் பேச வைக்க வேண்டாம். நடந்ததை விலாவாரியாகச் சொல்லும்படி அழுத்துவதை உலக சுகாதார நிறுவனமே தவிர்க்கச் சொல்கிறது. அவராக ஆரம்பித்தால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

குழப்பம் தெளிந்தாலும் பல மாத மௌனம் மிஞ்சும். இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாள் மனசு விட்டுப்போயிருக்கிறதா, எதிலுமே நாட்டமில்லையா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள். வீடு அவரை நம்பி நடக்கிற ஒரு வேலையைக் கொடுங்கள். நெல் விளைவித்தவர், அரிசி பார்த்து வாங்குகிற பொறுப்பு அவருடையதாக இருக்கட்டும். "நீங்க உட்காருங்கப்பா" என்று அன்பாகச் சொல்லிச் சொல்லியே பெரியவர்களை முடக்கிவிடுகிறோம். எனக்கு இதில் நிஜமான வருத்தம் உண்டு.

"நான் உங்களுக்குப் பாரம்" என்றால் வாயை அடைக்காதீர்கள். உயிரை விடத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரைகளைப் பூட்டிவையுங்கள், அன்றே டாக்டரிடம் போங்கள்.

மனச்சோர்வு மருந்தைப் பொது மருத்துவரும் தொடங்கலாம். வயதானவர்களுக்குக் குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள், பலன் முழுதாகத் தெரிய 4 முதல் 6 வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். முதல் சில வாரங்களில் சில பெரியவர்களுக்குச் சோடியம் குறையும். குழப்பம் திரும்பினால் நோய் முற்றிவிட்டது என்று எண்ணாமல் முதலில் சோடியத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.