சளி பிடித்திருக்கும்போது கொரில்லாவைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி: மலைக் கொரில்லாக்களைப் பார்க்க உகாண்டாவின் பிவிண்டி காட்டுக்குப் போகவிருக்கிறேன். அனுமதிக் கட்டணமே 800 டாலர். எனக்கு அடிக்கடி ஜலதோஷம் பிடிக்கும். அன்றைக்கு லேசாக இருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு போகலாமா? மனிதர்களிடம் பழகிய கொரில்லாக்கள்தானே? உயிரியல் பூங்காவில் செய்வதுபோல் கண்ணைப் பார்த்துச் சிரிக்கலாமா?

பதில்: போகவே கூடாது. நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகலோடு போய்விடும் கிருமி அவற்றைக் கொன்றுவிடக்கூடும். நமக்கு மிக நெருங்கிய உறவான உயிரினங்கள் என்பதால் நம் நோய்கள் எளிதில் தொற்றுகின்றன. எதிர்ப்புச் சக்திதான் இருப்பதில்லை. 2013இல் உகாண்டாவின் கிபாலே காட்டில் 56 சிம்பன்சிகள் இருந்த ஒரு கூட்டத்தில் ஐந்து இறந்தன. காரணம், மனிதர்களுக்குச் சளி உண்டாக்கும் ரைனோவைரஸ் சி. 2009இல் ருவாண்டாவில் ஹிர்வா என்ற கொரில்லாக் கூட்டத்தில் இன்னொரு மனிதச் சுவாச வைரஸ் பரவியபோது ஒரு பெண் கொரில்லாவும் ஒரு குட்டியும் மாண்டன.

நீங்கள் போகும் பிவிண்டியிலேயே 1996இல் கொரில்லாக்களுக்குச் சிரங்கு வந்து ஒரு குட்டி இறந்தது. அதை ஆராய்ந்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா, சுற்றியுள்ள கிராம மக்களிடமிருந்து அது தொற்றியிருக்க வேண்டும் என்று கண்டார். கிராமத்தாரின் உடல்நலத்தையும் கொரில்லாக்களின் உடல்நலத்தையும் சேர்த்தே கவனிக்க 2003இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் முடிவு அது.

‘பழகிய’ கொரில்லா என்றால் நம்மை விரும்பும் கொரில்லா என்று பொருளில்லை. வன ஊழியர்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் போய் நின்று, அதன் அச்சத்தைப் போக்கியிருக்கிறார்கள். அச்சம் போனதால் அது விலகி ஓடாது, கிட்டவும் வரும். ஆகவே விலகி நிற்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையது. ஒரு கொரில்லாக் கூட்டத்துக்கு நாளுக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம், பத்து மீட்டர் இடைவெளி, 15 வயதுக்குக் கீழ் அனுமதியில்லை என்ற விதிகளெல்லாம் அதற்காகத்தான்.

பயணத்தையே கைவிடச் சொல்லவில்லை. உங்களைப் போன்றோர் கட்டும் பணம் காவலுக்கும் மருத்துவத்துக்கும் உதவுகிறது. மலைக் கொரில்லாக்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருப்பதில் அதற்கும் பங்குண்டு.

கண்ணோடு கண் பார்ப்பதைப் பூங்காவிலும் விட்டுவிடுங்கள். ரோட்டர்டாம் பூங்காவில் பொகிட்டோ என்ற ஆண் கொரில்லாவை ஒரு பெண்மணி அடிக்கடி போய்ப் பார்த்து, கண்ணை நோக்கிச் சிரித்துவந்தார். தன்னைப் பார்த்து அதுவும் சிரிப்பதாக நம்பினார். 2007இல் அது அகழியைத் தாண்டி வந்து அவரைக் கடுமையாகக் காயப்படுத்தியது. கொரில்லாவுக்கு உற்றுப் பார்ப்பது மிரட்டல்.

பணத்தை நினைத்துச் சளியை மறைக்க வேண்டிய நிலை வராமல், நோய் வந்தால் தேதி மாற்றமோ பணமோ கிடைக்குமா என்று முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். காட்டுக்குள் இருமல் வந்தால் முகக்கவசத்தைக் கழற்றாமல், கொரில்லாக்களுக்கு முதுகு காட்டித் திரும்பி, முழங்கை மடிப்பில் இருமுங்கள். உடனே வழிகாட்டியிடம் சொல்லிவிட்டுப் பின்னால் விலகிவிடுங்கள்.