சினாய் மடாலயமும் நபிகளின் கடிதமும்

கேள்வி: எகிப்தின் சினாய் பாலைவனத்தில் உள்ள புனித கேத்தரின் மடாலயத்துக்கு நபிகள் நாயகமே பாதுகாப்புக் கடிதம் கொடுத்தார் என்கிறார்கள். மூலப்பிரதி கிடையாது, துறவிகளே எழுதிக்கொண்டது என்று ஒரு காணொலியில் பார்த்தேன். பொய்க் கடிதத்தை நம்பி நிற்கும் இடத்தில் என்ன புனிதம் இருக்க முடியும்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்த இடத்தின் புனிதம் கடிதத்தால் வந்ததில்லை. எரிந்தும் கருகாத முட்செடியின் நடுவிலிருந்து கடவுள் மோசேயை அழைத்தார், காலணியைக் கழற்றச் சொன்னார் என்கிறது யாத்திராகமம். அது நடந்தது இங்கேதான் என்ற நம்பிக்கை நபிகள் பிறப்பதற்கு முன்பே இங்கு வேரூன்றிவிட்டது. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் எகேரியா என்ற பெண் யாத்திரிகர் இந்த மலையடிக்கு வந்தார். துறவிகளின் குடில்களையும் ஒரு தேவாலயத்தையும் துளிர்விட்டு நின்ற அந்தச் செடியையும் பார்த்து எழுதிவைத்தார். செடி இருந்ததாக வணங்கப்படும் சிற்றாலயத்துக்குள் இன்றும் செருப்போடு யாரும் போவதில்லை.

இப்போதுள்ள மதிலும் பெரிய தேவாலயமும் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் கட்டியவை. எப்போது கட்டினார் என்பதற்குக் கூரை உத்தரங்களே சாட்சி. அவற்றில் பேரரசரை உயிரோடிருப்பவராகவும், அரசி தியோடோராவை மறைந்தவராகவும் குறித்து வேண்டுதல்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அரசி இறந்தது 548-ல், பேரரசர் இறந்தது 565-ல். ஆக, இந்த இடைவெளியில்தான் கூரை ஏறியிருக்கிறது. புனித கேத்தரினின் பெயர் பல நூற்றாண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது.

இனி கடிதம். அதன் உண்மைத்தன்மையைப் பல ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அந்த ஐயத்தில் நியாயம் இருக்கிறது. 1517-ல் எகிப்தை வென்ற உஸ்மானிய சுல்தான் சலீம் மூலத்தை எடுத்துக்கொண்டு நகலைத் தந்தார் என்பது மடாலயத்தின் மரபு. ஆனால் உங்கள் காணொலிக்காரர் அதோடு நிறுத்திக்கொண்டாரே, அங்கேதான் எனக்குக் கோபம். ஃபாத்திமிய கலீஃபாக்கள், அய்யூபிய சுல்தான்கள், மம்லூக்குகள், உஸ்மானியர் என்று ஆட்சிகள் மாறிமாறி வந்தன. அவரவரும் துறவிகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஆணை பிறப்பித்தார்கள். அந்த ஆணைகள் மடாலயத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் படித்துப் பதிப்பித்தும் இருக்கிறார்கள். கடிதத்தை யார் எழுதியிருந்தாலும், அதில் சொன்னபடி நடந்துகொண்டவர்கள் உண்மையான ஆட்களல்லவா?

மதிலுக்குள்ளேயே, தேவாலய மணிக்கூண்டுக்கு அருகில், ஒரு மசூதி நிற்கிறது. அதன் மரத்தாலான மிம்பர், அதாவது தொழுகை உரை நிகழ்த்தும் மேடை, 1106-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சுற்றியிருக்கும் ஜபலிய்யா பழங்குடியினர், மடாலயத்தைக் காக்க ஜஸ்டினியன் அனுப்பிய வீரர்களின் வழிவந்தவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள். அவர்கள் முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாக மடாலயத்துக்கு உழைப்பவர்களும் அவர்களே. அவர்களுக்கும் அந்த மலை ஜபல் மூசா, மூசா நபியின் மலை.

இன்னொன்று. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் கிறித்துவப் பேரரசர்களே திருவுருவப் படங்களை அழிக்கச் சொன்னார்கள். சினாய் அப்போது முஸ்லிம் ஆட்சியில் இருந்ததால் அந்த ஆணை அங்கே எட்டவில்லை. சூடான மெழுகில் நிறம் குழைத்து ஆறாம் நூற்றாண்டில் தீட்டிய கிறிஸ்துவின் முகம் நமக்கு மிஞ்சியது அதனால்தான்.

மடாலயத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்பு ஓர் அறிஞரால் வந்தது. ஜெர்மானியரான டிஷெண்டார்ஃப் 1844-ல் நான்காம் நூற்றாண்டு கிரேக்க விவிலியத்தின் 43 ஏடுகளை லைப்சிக்குக் கொண்டுபோனார். எரிக்கக் கூடையில் போட்டிருந்ததை மீட்டதாகப் பின்னாளில் எழுதினார். துறவிகள் இதை இன்றுவரை மறுக்கிறார்கள். 3,300-க்கும் மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகளை இத்தனை நூற்றாண்டுகள் காத்தவர்களின் சொல்லையே நான் நம்புகிறேன். 1859-ல் மீண்டும் வந்தவர், திருப்பித் தருவதாக எழுதிக்கொடுத்துவிட்டு மிச்சத்தில் பெரும்பகுதியை ரஷ்யாவுக்கு எடுத்துச் சென்றார். பத்து ஆண்டுகள் கழித்து மடாலயத்தின் அன்றைய பேராயர் தானப் பத்திரத்தில் கையெழுத்திட்டார் என்பதையும் மறைக்கக்கூடாது. அது மனமுவந்து போட்ட கையெழுத்தா என்ற விவாதம் ஓயவில்லை. 1933-ல் சோவியத் அரசு அதை 1,00,000 பவுண்டுக்கு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்றது. 1975-ல் மடாலயத்தின் மூடுண்ட அறை ஒன்றில் அதே சுவடியின் 12 ஏடுகளும் சில துணுக்குகளும் கிடைத்தன. வீட்டில் மிஞ்சியது அவ்வளவுதான். எழுதிக்கொடுத்த வாக்கு மீறப்பட்ட கதை உங்களுக்கு வேண்டுமென்றால், இதைக் கேளுங்கள்.

2025 மே மாதத்தில் எகிப்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, மடாலய நிலம் அரசுச் சொத்து, துறவிகளுக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே உண்டு என்று தீர்ப்பளித்தது. கிரேக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. மடாலயத்தின் புனிதத்துக்குக் குறைவு வராது என்கிறது கெய்ரோ. அதை வாய்ச்சொல்லாக விடாமல், துறவிகளின் உரிமை இன்னதென்று சட்டப்படி எழுதிக்கொடுக்க வேண்டும். கலீஃபாக்களும் சுல்தான்களும் எழுதிக்கொடுத்தார்கள். இன்றைய அரசுக்கு அதில் என்ன தயக்கம்?