மாஸ்டடானில் எந்த சர்வரில் சேருவது? நம்ம கரையோரத்துக் கேள்விகளும் பதில்களும்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று நம்ம பக்கத்து ஆட்கள் நிறைய பேர் மாஸ்டடானுக்கு (தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்களாக ஓடும் சமூக வலைத்தளம்) வரப் பார்க்கிறீர்கள், வந்ததும் 'சர்வரைத் தேர்ந்தெடுக்கவும்' என்ற திரையிலேயே நின்றுவிடுகிறீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

பாம்பனிலிருந்து ஒரு தம்பி: அக்கா, தடைக்காலம், கரையிலதான் இருக்கேன். ஒரு சர்வர்ல சேந்துட்டா மத்த சர்வர் ஆளுங்களோட பேச முடியாதா? இருக்கிறதுலயே பெருசுல சேந்துரவா?

பேசலாம் தம்பி. எல்லா சர்வரும் ஆக்டிவிட்டிபப் என்ற ஒரே நெறிமுறையில்தான் பேசிக்கொள்கின்றன. நீ ஒரு சர்வரில் இருக்க, உன் மச்சான் துபாயில் உட்கார்ந்துகொண்டு வேறொரு சர்வரிலிருந்து உன்னைப் பின்தொடரலாம். பெரியது என்றால் மாஸ்டடான்.சோசியல். 2016-ல் மாஸ்டடானை வெளியிட்ட யூஜென் ரோச்கோ தொடங்கியது, மாஸ்டடான் நிறுவனமே நடத்துகிறது. பழகிப் பார்க்க அது போதும். ஆனால் அதன் லோக்கல் டைம்லைனில், அதாவது அந்த சர்வர் ஆட்களின் பதிவுகள் வரும் பக்கத்தில், உலகமே ஓடிக்கொண்டிருக்கும், நம்ம ஊர்ப் பேச்சு கண்ணில் படாது. இன்னொன்று, கணக்குப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் வைக்க முடியும், காட்டும் பெயரைத் தமிழில் வைத்துக்கொள்.

மண்டபம், கடல் உயிரியல் மாணவி: ரொம்பச் சின்ன சர்வர்ல சேந்தேன் அக்கா. கடற்புல், கடற்பசு ஹேஷ்டேக் எல்லாம் ஃபாலோ பண்ணியும் ஒண்ணுமே வரலை. ஏன்?

இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஹேஷ்டேகைத் தேடும்போது உன் சர்வர் ஊரெல்லாம் போய்த் தேடாது, தன்னிடம் ஏற்கெனவே வந்து சேர்ந்த பதிவுகளில் மட்டும்தான் பார்க்கும். பதிவுகள் எப்படி வந்து சேரும்? அந்த சர்வரில் இருக்கிற யாராவது வெளியே ஒருவரைப் பின்தொடர்ந்தால் அவர் எழுதுவது வரும். முப்பது பேர் இருக்கிற சர்வரில் கடல் ஆராய்ச்சிக்காரர் ஒருவரைக்கூட யாரும் பின்தொடரவில்லை என்றால் உனக்கு வெறும் திரைதான். அதனால் உன் துறை ஆட்கள் ஏற்கெனவே கூடியிருக்கிற அறிவியல் சர்வராகப் பார். அங்கே இருப்பவர்கள் பின்தொடர்வதன் பலன் உனக்கும் கிடைக்கும். மாறப் பிடிக்கவில்லை என்றால், மன்னார் வளைகுடா பற்றி எழுதுகிறவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பின்தொடர், கொஞ்ச நாளில் உன் திரை நிரம்ப ஆரம்பிக்கும். அப்புறம் நீ எழுதும் பதிவுக்கு மொழி 'தமிழ்' என்று குறித்துவிடு, மொழி பார்த்து வடிகட்டுகிறவர்களுக்கு அப்போதுதான் சரியாகப் போய்ச் சேரும்.

ராமேஸ்வரம், தங்கச்சி ஒருத்தி: எங்க அண்ணன் படகைப் பிடிச்சுட்டுப் போனதைப் பத்தி எழுதினேன். கெட்ட கெட்ட வார்த்தையில தமிழ்லயே வந்து திட்டுறாங்க. ரிப்போர்ட் பண்ணியும் ஒண்ணும் நடக்கலை அக்கா.

சர்வர் தேர்வில் எனக்கு முக்கியமே இதுதான் தங்கச்சி. ரிப்போர்ட்டைப் பார்க்கிற ஆள் ஜெர்மனியிலோ கனடாவிலோ இருப்பார், தமிழ் தெரியாது. அந்த வசவு அவருக்கு வெறும் எழுத்துதான். நல்லவராகவே இருந்தாலும் அவரால் என்ன செய்ய முடியும்? அதனால் சேருவதற்கு முன்பே அந்த சர்வரின் 'அபவுட்' பக்கத்தைத் திறந்து பார். நடத்துபவர் யார், தொடர்பு மின்னஞ்சல் இருக்கிறதா, விதிகள் வரிசையாக எழுதியிருக்கிறதா என்று பார். அதற்குக் கீழே எந்தெந்த சர்வர்களைத் தடுத்திருக்கிறார்கள், என்ன காரணத்துக்காக என்ற பட்டியலைச் சிலர் வெளிப்படையாக வைத்திருப்பார்கள். நான் அதைத்தான் முதலில் படிப்பேன். 'துன்புறுத்தல்', 'வெறுப்புப் பேச்சு' என்று காரணத்தோடு எழுதியிருந்தால் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். கடைசியாக அந்த நடத்துநரின் சொந்தக் கணக்குக்குப் போய், தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாராவது மேற்பார்வையில் இருக்கிறார்களா என்று நேரடியாகவே கேள். பதில் வரும் வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

இப்போதைக்கு, ரிப்போர்ட் பண்ணும்போது கருத்துப் பெட்டி ஒன்று வரும், அதில் அந்த வசவின் பொருளை ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுது. திட்டியவர் வேறு சர்வர் என்றால் அந்த சர்வருக்கும் அனுப்பச் சொல்லும் தேர்வு இருக்கும், அதையும் போடு. ஒரு சர்வர் முழுக்க அப்படிப்பட்ட ஆட்களாக இருந்தால் அதன் டொமைனையே (இணைய முகவரியையே) உன் கணக்கிலிருந்து தடுத்துவிடலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தொண்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: அம்மா, நாம் அனுப்பும் தனிச்செய்தியை சர்வரை நடத்துகிறவர் படிக்க முடியுமாமே, மெய்தானா?

மெய்தான் சார். முனைக்கு முனை மறையாக்கம், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் படிக்கும்படி பூட்டுவது, அதில் கிடையாது, உங்கள் சர்வரை நடத்துகிறவரும் அந்தப் பக்கத்து சர்வரை நடத்துகிறவரும் நினைத்தால் பார்க்கலாம். வங்கி விவரம், வீட்டு விவகாரம் எதையும் அதில் எழுதாதீர்கள்.

கீழக்கரை, இப்போது ஷார்ஜாவில்: சர்வரை மூடிட்டா எல்லாம் போயிருமா? அதுக்குத்தான் பயமா இருக்கு.

மூடுவது நடக்கிறதுதான் தம்பி. 2023-ல் மாஸ்டடான்.லொல் மூடியது. 2024-ல் க்வியர்.ஏஎஃப் என்ற சர்வருக்கு டொமைனே பறிபோனது, அந்த ஏஎஃப் ஆப்கானிஸ்தானுடைய முகவரி என்பதால். ஆகவே முகவரியின் வாலையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாஸ்டடான் நிறுவனத்தின் ஜாயின்மாஸ்டடான் தளத்துப் பட்டியலில் இருக்கும் சர்வர்கள், தினமும் பேக்கப் எடுப்போம், அவசரத்துக்கு இன்னொருவரிடமும் சாவி இருக்கும், மூடினால் 3 மாதம் முன்பே சொல்வோம் என்று ஒப்புக்கொண்டவை. முழு உத்தரவாதம் இல்லை, ஆனால் வார்த்தை கொடுத்திருக்கிறார்கள்.

வீடு மாறுவது இப்படி: புதுக் கணக்கில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகச் சேர்த்துவிட்டு, பழைய கணக்கிலிருந்து 'நகர்த்து' கொடுங்கள். பின்தொடர்பவர்கள் கூடவே வந்துவிடுவார்கள், பதிவுகள் வராது. பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும், ஒருமுறை நகர்ந்தால் அடுத்து நகர 30 நாள் பொறுக்க வேண்டும். நீங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்தவர்கள் பட்டியலை இப்போதே சிஎஸ்வி கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தேவிபட்டினம், நாட்டுப்படகுக்காரர்: நாங்க பத்து பேரு, காத்து நிலவரம், மீன் விலை பேச லெம்மியில (தலைப்பு வாரியா குழு போட்டுப் பேசுற, இதே மாதிரி பல சர்வர்ல ஓடுற தளம்) ஒரு குழு போடலாமா? இல்லை சொந்தமா சர்வரே வச்சிரலாமா?

குழு போடுங்க அண்ணே, சர்வர் இப்போது வேண்டாம். வெளியிலிருந்து வரும் படங்கள் தேங்கித் தேங்கி இடம் நிறையும், ராத்திரி ரிப்போர்ட் வந்தால் பார்க்க ஆள் வேண்டும், சோழகக் காற்றில் தொழிலுக்குப் போய்விட்டு வந்து யார் அதையும் பார்ப்பது? ஆனால் லெம்மியில் குழு, அது பிறந்த சர்வரோடு ஒட்டியது, மாஸ்டடான் கணக்கைப் போல ஆட்களோடு நகர்த்த முடியாது. 2025 ஜூனில் லெம்.ஈஈ என்ற பெரிய லெம்மி சர்வர் மூடியபோது அங்கே இருந்த குழுக்கள் எல்லாம் புது இடம் தேடி அலைந்தன. அதனால் ஒரே ஆள் தலையில் ஓடாத சர்வராகப் பாருங்கள், குழுவுக்கு உங்களில் இரண்டு பேரை மட்டுறுத்துநராக (பதிவுகளை மேற்பார்வை பார்ப்பவராக) போடுங்கள், அதில் ஒருவர் கடலுக்குப் போகாதவராக இருக்கட்டும்.