மாத்திரை கொடுப்பதற்கு முன், எதற்கு என்று கேளுங்கள்

கேள்வி: மகனுக்கு எட்டு வயது. வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை. கோபம் வந்தால் அடிக்கிறான், பிறகு அவனே அழுகிறான். மாத்திரை கொடுத்தால்தான் சரிப்படும் என்கிறது பள்ளி. மருத்துவரும் பத்து நிமிடத்தில் எழுதிக்கொடுத்துவிட்டார். கொடுக்கலாமா? பிள்ளை மந்தமாகிவிடுவானா?

பதில்: இந்த மாத்திரை எந்தப் பிரச்சினைக்கு என்று உங்களால் ஒரு வரியில் சொல்ல முடிகிறதா? முடியாது என்றால் இப்போதைக்குத் தொடங்காதீர்கள், மருத்துவரிடமே திரும்பிப் போய்க் கேளுங்கள். அடிப்பதும் அழுவதும் நோயின் பெயர் அல்ல. ஏடிஎச்டி என்கிற கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறாக இருக்கலாம், பதற்றமாக இருக்கலாம். எழுத்துக்கூட்டிப் படிக்க வராத பிள்ளை அவமானம் தாங்காமல் கை ஓங்கலாம். யாராவது அவனைத் துன்புறுத்திக்கொண்டிருக்கலாம். காது சரியாகக் கேட்காத பிள்ளையும், இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூக்கம் கெட்ட பிள்ளையும்கூடப் பகலில் இப்படி நடந்துகொள்வதுண்டு. இவற்றில் பலவற்றுக்கு மாத்திரையே கிடையாது.

ஏடிஎச்டி என்று முடிவு செய்ய, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, 6 மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். இதையெல்லாம் பத்து நிமிடத்தில் எப்படி விசாரித்தார்களோ! பெற்றோர் பயிற்சிக்கும் நடத்தை சிகிச்சைக்கும் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறார்கள், மருந்துச் சீட்டு மட்டும் அன்றைக்கே கிடைத்துவிடுகிறது. மாத்திரை கொடுக்காவிட்டால் சேர்க்க மாட்டோம் என்று பள்ளி சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். நோயைக் கண்டுபிடிப்பது ஆசிரியர் வேலை அல்ல.

ஏடிஎச்டி உறுதியாகிவிட்டதா, சரி, அப்புறம் மருந்தைக் கண்டு மிரள வேண்டாம். ஆறு வயதுக்குக் கீழே பெற்றோர் பயிற்சிதான் முதலில். உங்கள் மகன் வயதில் மருந்தையும் பயிற்சியையும் சேர்த்தே கொடுக்கலாம். ஏடிஎச்டிக்கு வழக்கமாகத் தரும் மெத்தில்பெனிடேட் என்ற மருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும், வகையைப் பொறுத்து 4 முதல் 12 மணி நேரம் வரை நிற்கும். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். அதனால் எடை, உயரம், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு நான்கையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளை சுரத்தில்லாமல் உட்கார்ந்திருந்தால் அளவு கூடிவிட்டது, அல்லது அந்த மருந்து அவனுக்கு ஒத்துவரவில்லை. மாற்றச் சொல்லுங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அடிப்பது, கத்துவது போன்ற நடத்தைக்கென்று பொதுவாகத் தனி மருந்து கிடையாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளை தன் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறது, கையைக் கடித்துக் கிழித்துக்கொள்கிறது என்றால், அந்த ஆவேசத்தைத் தணிக்கவே ரிஸ்பெரிடோன் என்ற மருந்தைத் தருகிறோம். அமெரிக்காவில் 2006-இல் 5 முதல் 16 வயதுக்கு இதற்காகவே அனுமதி கிடைத்தது. ஆட்டிசத்தை அது குணப்படுத்தாது. எடை ஏறும், சர்க்கரை கூடலாம், புரோலாக்டின் என்ற ஹார்மோன் உயரலாம். ரத்தப் பரிசோதனை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டக்கூடாது. இந்த விலக்கைக் காட்டி, வகுப்பில் சத்தம் போடும் பிள்ளைக்கெல்லாம் அதே மருந்தை எழுதுபவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

இதைவிட மோசம் ஒரு கூட்டம் இருக்கிறது. மூளையைப் படம் பிடித்து ஏடிஎச்டி இருக்கிறதா என்று சொல்கிறோம் என்பார்கள். எந்தப் படமும் அதைச் சொல்லாது. கேள்வி கேட்டு, கவனித்துத்தான் கண்டுபிடிக்க முடியும். பக்கவிளைவே இல்லாத ஞாபகசக்திப் பொடி என்பார்கள். டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. இந்த மையத்துக்குத்தான் போக வேண்டும் என்று விடாமல் வற்புறுத்துபவர்களிடம் கமிஷன் உண்டா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள்.

ஏற்கெனவே மாத்திரை கொடுத்துவரும் பெற்றோர் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்த வேண்டாம். சாக வேண்டும் என்று பிள்ளை வாய்விட்டுச் சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ மேலே சொன்ன நிதானமெல்லாம் பொருந்தாது, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.