பெரியவளாகிவிட்டாள், இனி மைதானம் வேண்டாமா?

கேள்வி: மகளுக்கு 12 வயது. பள்ளி கோ-கோ அணியில் ஆடுகிறாள். போன மாதம் பெரியவளானாள். 'வெயிலில் கறுத்துப் போகிறாள், ஆட்டத்தை நிறுத்து, டியூஷனில் சேர்' என்கிறார் மாமியார். கணவரும் அதையே சொல்கிறார். நிறுத்திவிடவா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: நிறுத்தாதீர்கள், சகோதரி. எட்டாம் வகுப்பில் என் வளையப்பந்து ஆட்டத்தை இதே காரணம் சொல்லித்தான் நிறுத்தினார்கள். அந்தச் சாயங்காலங்கள் இன்னும் மனசில் நிற்கின்றன.

மகள் ஆடும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள். எட்டுப் பேர் வரிசையாக, ஆளுக்கொரு திசை பார்த்துக் குந்தியிருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் தோழி தொட்டு 'கோ' என்று சொன்னால்தான் எழலாம். ஒரு நொடி முந்தினாலும் தப்பாட்டம். எழுந்த பிறகு பாதி வழியில் திரும்ப முடியாது. காத்திருக்கவும், தோழியை நம்பவும், எடுத்த முடிவில் ஓடவும் எந்த டியூஷனில் சொல்லித் தருவார்கள்? தோற்ற அன்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தவள், மறுநாள் தானாகவே ஷூ லேஸைக் கட்டுவாள். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

உடம்புக்கும் இதுதான் நேரம். பூப்பெய்துவதை ஒட்டிய சில வருடங்களில்தான் எலும்பு மளமளவென்று உறுதிப்படுகிறது. பிற்காலத் தேய்மானத்தைத் தாங்குவது இப்போது சேரும் பலம்தான். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும், வாரம் 3 நாளாவது எலும்பும் தசையும் வலுப்படும்படி ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்ளும் ஊரில், அதற்கு மைதானத்தை விட்டால் வேறு இடமில்லை.

டியூஷனும் இருக்கட்டும். 3 நாள் அது, 3 நாள் ஆட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நாட்களில் முடிந்தால் ஆடட்டும், வலித்தால் உட்காரட்டும். அதை அவளே முடிவு செய்யட்டும். மே மாதத்தில் மட்டும் பயிற்சியைக் காலை 6 மணிக்கு வைக்கும்படி பயிற்சியாளரிடம் கேளுங்கள். தண்ணீர் பாட்டிலோடு இரண்டு வேர்க்கடலை உருண்டையும் கொடுத்தனுப்புங்கள். கறுத்தால் கறுக்கட்டும். நிறத்தைக் குறையாகச் சொல்லும் பேச்சு அவள் காதில் விழக் கூடாது.

கணவரிடம் கண்ணகி நகர் கார்த்திகாவைப் பற்றிச் சொல்லுங்கள். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடியவர், நம்ம சென்னைப் பெண். ஆனால் பதக்கத்துக்காக அனுப்பச் சொல்லி நான் எழுதவில்லை. உங்கள் மகள் கடைசிவரை மாற்று ஆட்டக்காரியாகவே இருந்தாலும் இதே பதில்தான்.

அடுத்த மேட்சுக்கு மாமியாரையும் கூட்டிப் போங்கள். உட்கார நிழலான இடமாக முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.