இன்டராக்‌ஷன் சிக்னிஃபிகன்ட் ஆகவில்லை, இனி என்ன எழுதுவது?

கேள்வி (தோவாளையிலிருந்து ஒரு எம்.எஸ்சி. மாணவி): சார், மட்டி வாழைக்குக் கோழி உரம் போட்டுக் குலை எடையைப் பார்த்தேன். வயலில் பலன் சிக்னிஃபிகன்ட் (தற்செயல் என்று எளிதில் தள்ள முடியாதது), விளையில் (மேட்டு நிலத் தோட்டத்தில்) இல்லை. "வயலில் மட்டுமே பலன்" என்று எழுதினேன். ஆனால் உரம், நிலம் இரண்டுக்குமான, அதாவது உரத்தின் பலன் நிலத்தைப் பொறுத்து மாறுகிறதா என்று காட்டும் இன்டராக்‌ஷன் சிக்னிஃபிகன்ட் ஆகவில்லை. எங்கே தப்பு?

பதில்: அந்த 'மட்டுமே'யில்தான். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். கோழி உரத்தால் வயலில் குலைக்கு 1.8 கிலோ கூடியது, விளையில் 0.9 கிலோ. இரண்டுக்கும் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு) 0.8. முதலாவதில் பி மதிப்பு (உண்மையில் பலனே இல்லாவிட்டாலும் இந்த அளவோ அதற்கு மேலோ தெரிவதற்கான வாய்ப்பு) வழக்கமான 0.05 கோட்டுக்குக் கீழே வரும், இரண்டாவதில் வராது. ஆனால் சோதிக்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. அது 0.9 கிலோ. இரண்டு பக்கப் பிழையும் சேர்வதால் அதன் திட்டப்பிழை 1.13. 95% நம்பக இடைவெளி, அதாவது தரவோடு பொருந்தும் வித்தியாசங்களின் வரம்பு, ஏறத்தாழ -1.3 முதல் 3.1 வரை. வயல் மூன்று கிலோ முந்தியிருக்கலாம், விளையே ஒரு கிலோ முந்தியும் இருக்கலாம். புள்ளியியலாளர்கள் கெல்மனும் ஸ்டெர்னும் 2006-இல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார்கள். என்னிடம் வரும் ஆய்வேடுகள் இன்னும் இதே குழியில்தான் விழுகின்றன.

கேள்வி (மார்த்தாண்டம்): அப்படியானால் "இன்டராக்‌ஷன் இல்லை, உரம் எங்கும் ஒரேபோல வேலை செய்கிறது" எனலாமா?

பதில்: அதுவும் கூடாது. மேலே உள்ள கணக்கில் முதன்மை விளைவின் (இரு நிலத்துக்கும் சேர்ந்த சராசரிப் பலனின்) திட்டப்பிழை 0.57தான், இன்டராக்‌ஷனுக்கு அதன் இரு மடங்கு. இன்டராக்‌ஷன் முதன்மை விளைவில் பாதி அளவே என்றால், அதே உறுதியோடு கண்டுபிடிக்க 16 மடங்கு மாதிரி வேண்டும். 40 வாழை வைத்தவர் 640 வைக்க வேண்டும். யார் விளையில் அவ்வளவு இடம் கிடக்கிறது? 'ஒரேபோல' என்று சொல்லியே ஆகவேண்டுமானால், எத்தனை கிலோ வித்தியாசம் பொருட்டில்லை என்று முன்கூட்டியே தீர்மானித்து, வித்தியாசம் அந்த எல்லைக்குள்தானா என்று பார்க்கும் சமானச் சோதனை செய்யுங்கள்.

கேள்வி (குலசேகரம்): கைடு இன்டராக்‌ஷன் வரியையே மாடலிலிருந்து எடுக்கச் சொல்கிறார்.

பதில்: அதுதான் உங்கள் ஆய்வுக் கேள்வி என்றால் எடுக்காதீர்கள். ஒன்று கவனியுங்கள்: வயல் 0, விளை 1 என்று குறியிட்டிருந்தால், இன்டராக்‌ஷன் இருக்கும் மாடலில் 'உரம்' வரி காட்டுவது வயலின் பலனை, மொத்தப் பலனை அல்ல. வரியை எடுத்ததும் எண் மாறுவது அதனால்தான்.

கேள்வி (முதலில் கேட்ட மாணவி): சரி சார், எப்படித்தான் எழுத?

பதில்: "கோழி உரத்தின் பலன் வயலில் விளையைவிட 0.9 கிலோ கூடுதலாகத் தெரிந்தது (95% இடைவெளி -1.3 முதல் 3.1, பி = 0.43). பலன் நிலத்துக்கு நிலம் மாறுகிறதா என்பதை இந்தத் தரவு தீர்மானிக்கவில்லை." பி மதிப்பை மட்டும் போட்டு இடைவெளியை விட்டுவிடாதீர்கள்.