கும்பகோணத்தில் இரண்டு நாள்: ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் ஓடிப் பார்க்க வேண்டுமா?

கேள்வி: திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஒரு சனி, ஞாயிறு கும்பகோணத்தில் தங்கப் போகிறோம். அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. ஏழரைச் சனி நடப்பதால் நவக்கிரகக் கோயில்களுக்குப் போக ஆசைப்படுகிறார். பத்தாவது படிக்கும் மகனுக்குச் சோழர் சிற்பங்கள் மேல் ஆர்வம். வண்டிக்காரர் ஒரு பேக்கேஜ் சொல்லியிருக்கிறார். முதல் நாள் ஒன்பது கிரகத் தலங்களும், கூடவே வைத்தீஸ்வரன்கோவிலில் நாடி ஜோதிடமும். மறுநாள் காலை தஞ்சை பெரிய கோயில், மதியம் தாராசுரம், மாலை கங்கைகொண்டசோழபுரம். ஒன்பதையும் ஒரே நாளில் முடித்தால்தான் பலன் என்கிறார். இது சரிவருமா?

பதில்: சரிவராது. ஒன்பதையும் ஒரே நாளில் தொட்டுவிட்டு வர முடியும், ஆனால் உங்கள் அம்மாவின் முழங்காலோடு முடியாது. மறுநாள் திட்டமோ திசை தெரியாமல் போட்டது.

முதலில் அந்த ‘ஒரே நாள்’ விஷயம். தேவாரத்தில் நவக்கிரகத் தலங்கள் ஒன்பது என்று ஒரு வரிசையே கிடையாது. சூரியனார் கோவிலைத் தவிர மற்ற எட்டும் சிவன் கோயில்கள். ஆலங்குடியில் மூலவர் ஆபத்சகாயேஸ்வரர். குருவுக்காக நாம் கும்பிடுவது அங்குள்ள தட்சிணாமூர்த்தியை. திங்களூர் அப்பூதியடிகள் நாயனார் வாழ்ந்த ஊர். சனிக்குரிய திருநள்ளாறு, சம்பந்தர் ‘போகமார்த்த’ என்று பாடிய தலம். இவற்றை ஒரு சுற்றாகக் கோத்துப் பார்ப்பது பக்தர்களின் வழக்கம், அதில் தவறே இல்லை. ஆனால் ஒரே நாளில் முடிக்காவிட்டால் பலன் இல்லை என்பது வண்டி வாடகைக்காக உண்டான விதி. அதை நம்பி வயதானவரை வதைக்காதீர்கள்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். திங்களூர் மேற்கே திருவையாற்றுப் பக்கம். கீழப்பெரும்பள்ளம் கிழக்கே பூம்புகாரை ஒட்டி. வைத்தீஸ்வரன்கோவிலும் திருவெண்காடும் சீர்காழிப் பக்கம். ஆலங்குடி தெற்கே. திருநள்ளாறு மாநில எல்லை தாண்டி, காரைக்காலில். இந்தப் பக்கத்துக் கோயில்கள் காலை 6 மணி வாக்கில் நடை திறந்து, பகல் 12, 12.30க்குச் சாத்துவார்கள், மறுபடி 4 மணிக்குத் திறந்து இரவு 8, 8.30 வரை. அதாவது ஒரு பகலில் நடுவே மூன்றரை மணி நேரம் நமக்கில்லை. ஒன்பதும் வேண்டுமென்றால் ஒரு கோயிலுக்கு அரை மணி நேரம்கூடத் தேறாது. ஒன்பது முறை வண்டியில் ஏறி இறங்கி, கோபுர வாசலிலிருந்து சன்னிதி வரை கல் தரையில் நடந்து திரும்ப வேண்டும். மூன்றாவது கோயிலிலேயே அம்மா, ‘நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்’ என்று சொல்லிவிடுவார். யாருக்காகக் கிளம்பினீர்களோ அவருக்கே தரிசனம் இல்லாமல் போகும்.

உடம்பில் தெம்பு உள்ளவர்களுக்கு ஒன்பதும் ஒரே நாளில் வேண்டுமென்றால், அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024-ல் கும்பகோணத்திலிருந்து தொடங்கிய நவக்கிரகச் சிறப்புப் பேருந்து இருக்கிறது. தொடங்கியபோது கட்டணம் ஆளுக்கு 750 ரூபாய். உங்கள் வண்டிக்காரர் கேட்கும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் அம்மாவுக்கு நான் சொல்வது சூரியனார் கோவில். ஆடுதுறைக்குப் பக்கம். முதல் குலோத்துங்கன் காலத்தது; கல்வெட்டில் ‘குலோத்துங்க சோழ மார்த்தாண்டாலயம்’ என்றே பெயர். நடுவில் சூரியன், சுற்றிலும் மற்ற எட்டு கிரகங்களுக்கும் தனித்தனிச் சன்னிதி, சனீஸ்வரருக்கும் சேர்த்து. ஒரே வளாகத்தில், நிதானமாக, உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்பது கிரகத்தையும் கும்பிட்டு விடலாம். பக்கத்துத் திருமங்கலக்குடியில் பிராணநாதரை வணங்கிவிட்டு இங்கே வருவதுதான் முறை, அதையும் விடாதீர்கள். அருகிலேயே சுக்கிரன் தலமான கஞ்சனூர். போகும் வழியில் ராகு தலமான திருநாகேஸ்வரம். ஏழு மணிக்குக் கிளம்பினால் நடை சாத்துவதற்குள் எல்லாம் ஆகிவிடும்.

‘திருநள்ளாறு போகாமல் எப்படி?’ என்று அம்மா கேட்பார். நீங்கள் வருவது சனிக்கிழமை. அன்று அங்கே வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது. இந்த முறை வேண்டாம், இன்னொரு முறை வாரநாளில் தனியாக அழைத்துப் போங்கள்.

இப்போது நாடி ஜோதிடம். இதைப் பற்றித்தான் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வைத்தீஸ்வரன்கோவிலில் இறங்கியதும் ‘அகத்தியர் நாடி’ என்று ஆள் வந்து கையைப் பிடிப்பார்கள். உள்ளே போனதும் கட்டைவிரல் ரேகை வாங்குவார்கள். ஒரு சுவடிக் கட்டை எடுத்து வந்து ஒவ்வோர் ஏடாகப் படிப்பார்கள். ‘தகப்பன் பெயர் தெய்வப் பெயரா?’ ‘ஆமாம்.’ ‘கூடப்பிறந்தவர் இரண்டு பேரா?’ ‘இல்லை.’ இல்லை என்றால் ஏடு தள்ளும்; ஆமாம் என்றால் அடுத்த கேள்வி வரும். அரை மணி நேரத்தில் உங்கள் குடும்பக் கதை முழுவதையும் நீங்களே சொல்லியிருப்பீர்கள். அப்புறம் ‘ஏடு கிடைத்துவிட்டது’ என்று அதையே பாட்டாக்கி உங்களிடம் திருப்பிப் படிப்பார்கள். பெயர் சரியாக வருகிறதே என்று அம்மா கண் கலங்குவார். அடுத்து காண்டத்துக்கு, அதாவது பலனின் ஒவ்வொரு பகுதிக்கும், இவ்வளவு என்று பணம். பன்னிரண்டு காண்டத்தோடு நிற்பதில்லை; பதின்மூன்றாவது சாந்தி காண்டம், பதினான்காவது தீட்சை காண்டம். பெரிய தொகை போவது அங்கேதான், ‘உங்கள் சார்பில் நாங்களே பரிகாரம் செய்துவிடுகிறோம்’ என்று. ஏழரைச் சனி என்று பயந்துபோய் வந்திருக்கும் வயதானவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். பேக்கேஜில் நாடி சேர்ந்திருக்கிறது என்றால் ஆள் கொண்டுவந்து விடுவதற்குக் கமிஷன் இருக்கிறது என்று அர்த்தம்.

பரிகாரத் தரகர்கள் இங்கே எல்லாக் கிரகத் தலங்களிலும் உண்டு. வண்டி நிறுத்துமிடத்திலேயே விளக்கு, எள், துணி என்று தட்டைக் கையில் திணித்துவிட்டு, திரும்பி வரும்போது விலை சொல்வார்கள். கேட்காமல் கொடுத்த எதையும் வாங்காதீர்கள். அர்ச்சனையோ அபிஷேகமோ எதுவானாலும் கோயில் கவுண்டரில் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் ‘நான் உள்ளே அழைத்துப் போகிறேன், ஸ்பெஷல் தரிசனம்’ என்பவர் யாராக இருந்தாலும், வேட்டியும் விபூதியுமாக இருந்தாலும், வேண்டாம். சரி, கட்டணப் பட்டியலைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வாசலில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டால் இந்தத் தரகர்களில் பாதிப் பேருக்குப் பிழைப்பு இருக்காது. பல இடங்களில் அது உள்ளே ஒரு தூணுக்குப் பின்னால் இருக்கிறது, அல்லது பழைய கட்டணத்தோடு இருக்கிறது. யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கை காட்டுகிறார்கள். வெளியூரிலிருந்து வருபவர் என்னதான் செய்வார்?

தாராசுரத்துக்கும் கங்கைகொண்டசோழபுரத்துக்கும் வருவோம். மதியம் நடை சாத்தும் என்று சொன்னேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு, உங்கள் மகனுக்காக அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே மதியம் சாத்துவது சுவாமி சன்னிதியை; வளாகம் திறந்தே இருக்கும், சுற்றிப் பார்க்கலாம். கல்லைப் பார்த்துக்கொள்வது ஒரு துறை, பூஜை இன்னொரு நிர்வாகம். ஆகவே ‘கோயில் திறந்திருக்கா?’ என்று கேட்டால் ஒருவர் ஆமாம் என்பார், ஒருவர் இல்லை என்பார், இரண்டும் உண்மை. சிற்பம் மட்டும் பார்க்க வருபவர் இந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் மதிய வெயிலில் அந்தக் கல்தளத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. மகன் தடிமனான பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு புல்தரை ஓரமாகப் போய்விடுவான். சன்னிதிக்குள் போகும்போது கழற்றிவிட்டால் போதும். அம்மாவால் அது முடியாது. எனவே இந்த விலக்கு உங்கள் குடும்பத்துக்கு உதவாது. மதியம் தாராசுரம் என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள்.

தாராசுரத்தை முதல் நாள் நான்கு மணிக்கு மேல் வையுங்கள். இரண்டாம் ராஜராஜன் கட்டியது. ஊரிலிருந்து சில கிலோமீட்டர்தான், திரும்பி வர அவசரமில்லை. குதிரை இழுக்கும் தேர் போன்ற முன்மண்டபத்தை எல்லோரும் படம் எடுப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, மூலக்கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி வரும் சின்னச் சிற்பங்களைத் தேடச் சொல்லுங்கள். அறுபத்து மூவர் கதைகள். குனிந்து, கண்ணை அருகில் கொண்டுபோனால்தான் தெரியும், பெயர்களும் பொறித்திருக்கும். அதில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்ட காட்சியும் இருக்கிறது. அது உங்கள் ஊருக்குப் பக்கத்து அவிநாசியில் நடந்ததாகச் சொல்லும் கதை. அந்தக் கதையோடு வளர்ந்த பையன் அதை அங்கே தானாகக் கண்டுபிடிக்கட்டும், யாரும் முன்கூட்டிக் காட்ட வேண்டாம். தட்டினால் இசை வரும் படிகள் கம்பிக்குள் இருக்கின்றன. தட்டிக் காட்டுகிறேன் என்று காசு கேட்பவருக்கு இடம் கொடுக்காதீர்கள்.

மறுநாள் திட்டத்தை அப்படியே திருப்பிப் போடுங்கள். கங்கைகொண்டசோழபுரம் கும்பகோணத்துக்கு வடக்கே, அணைக்கரை வழி. தஞ்சை தென்மேற்கே, நீங்கள் ஊர் திரும்பும் பாதையில். தஞ்சைக்குப் போய், திரும்பி வந்து, வடக்கே போய், அப்புறம் மறுபடி தஞ்சை வழியாகத் திருப்பூருக்குப் போவது கிலோமீட்டர் வாடகைக்கு நல்லது, உங்களுக்கு நல்லதல்ல. ஞாயிறு விடியற்காலையிலேயே கங்கைகொண்டசோழபுரம் போய்விடுங்கள். வடபுறப் படிக்கட்டை ஒட்டி, சண்டேசருக்குச் சிவன் தன் கையால் தலையில் மாலை சுற்றிவிடும் சிற்பம் இருக்கிறது. அதன் முன்னால் மகனைச் சும்மா நிற்க விடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். அம்மா புல்தரை நிழலில் உட்கார்ந்திருக்கலாம். பத்து மணிக்குக் கிளம்பி, விடுதியைக் காலி செய்து, சாப்பிட்டு, நான்கு மணிக்குப் பெரிய கோயில்.

பெரிய கோயிலுக்கும் மற்ற இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. வழிகாட்டி வேண்டுமென்றால் சுற்றுலாத் துறை அடையாள அட்டை உள்ளவரை மட்டும், தொகையை முதலிலேயே பேசி எடுங்கள். ‘விமான நிழல் தரையில் விழாது’ என்று ஆரம்பிப்பவரை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மாலை வெயிலில் நிழல் கிழக்கு முற்றத்தில் நீண்டு கிடப்பதை மகனே பார்த்துக்கொள்ளலாம். 1010-ல் முடிந்த, சுமார் 216 அடி உயர விமானத்துக்கு இந்தப் பொய்யெல்லாம் தேவையே இல்லை. அதன் அடித்தளக் கல்வெட்டில் ‘நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்று ராஜராஜன் பேசுகிறான். அதைப் படித்துக் காட்டும் வழிகாட்டி கிடைத்தால் கேட்ட தொகையைக் கொடுக்கலாம்.

இன்றைக்கே வண்டிக்காரரைக் கூப்பிட்டு இந்த வரிசையைச் சொல்லிவிடுங்கள். பட்டுக் கடை, ஐம்பொன் சிலைக் கடை, நாடி நிலையம் எதிலும் நிறுத்தக் கூடாது என்று சேர்த்துச் சொல்லுங்கள். வேண்டுமானால் திருபுவனம் கூட்டுறவுச் சங்கத்தில் நீங்களே போய்ப் பட்டு வாங்கிக்கொள்ளலாம். பேட்டா, டோல், பார்க்கிங் வாடகைக்குள்ளேயா வெளியேயா என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள், ஏறும்போது மீட்டர் ரீடிங்கைப் படம் எடுங்கள். காரைக்கால் போகாததால் வெளிமாநில பெர்மிட் என்று எதையும் கேட்க முடியாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வண்டி பாருங்கள், கும்பகோணத்தில் வண்டிக்குப் பஞ்சமில்லை.